மகசூல் கூடியது, விலை இறங்கியது

வங்கியில் இருந்தவரை, மகசூல் கணக்கை மட்டும் நம்பி நான் பயிர்க்கடன் கொடுத்ததில்லை. "என்ன விலைக்குப் போகும்?" என்றும் கேட்பேன். புர்கினா பாசோ நாட்டுப் பருத்திக் கதையும் அந்தக் கேள்விதாங்க.

மேற்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடு அது. சுற்றிலும் ஆறு நாடுகள். 1960-ல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அப்பர் வோல்டா என்றிருந்த பெயரை 1984-ல் தாமஸ் சங்கராவின் ஆட்சி மாற்றியது. மக்களில் பெரும்பாலோர் உழவர்கள். சாப்பாட்டுக்குச் சோளமும் கம்பும், காசுக்குப் பருத்தி. பஞ்சு அண்டை நாட்டுத் துறைமுகம் போய்த்தான் கப்பலேறணும். நீளமான, தரமான இழை என்பதால் சந்தையில் நல்ல பெயர் இருந்தது.

2008-ல் மான்சாண்டோவின் பி.டி. பருத்தி அங்கே சாகுபடிக்கு வந்தது. பூச்சிமருந்து அடிப்பது குறைந்தது, மகசூலும் கூடியது. ஆனால் இழையின் நீளம் குறைந்துபோச்சு. பஞ்சுக்கு விலை இறங்கியது. நட்டம் கண்ட பருத்தி நிறுவனங்களே 2016-க்குள் பி.டி.யைக் கைவிட்டு, மரபணு மாற்றாத ரகங்களுக்குத் திரும்பின.

விதை விற்கிறவர் மகசூலைத்தான் சொல்வார். விளைந்ததை யார், என்ன தரத்துக்கு வாங்குவார் என்று விதைக்கும் முன்னாடி நாமதான் கேட்கணும்.