திட்டு வாங்குறவருக்குத்தான் முதல் மார்க்!

ஆதனக்கோட்டை முந்திரிக் கொட்டகைக்குள் ஒரு காலை நேரத்தில் தலையை நீட்டிப் பாருங்கள். புதுக்கோட்டை–தஞ்சாவூர் சாலையில் காரில் பறக்கிறவர்களுக்குப் பாக்கெட்டில் கட்டித் தொங்கவிட்ட பருப்பு மட்டும்தான் கண்ணில் படும். உள்ளே கரி அப்பிய விரல்களோடு கொட்டை உடைக்கும் பெண்கள், நேற்று ராத்திரி சீரியலையும் சேர்த்தே உடைத்துக்கொண்டிருப்பார்கள். "வெளங்குவானா அவன்?" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும். எவன் என்று யாரும் கேட்பதில்லை! கீரமங்கலம் பக்கம் பூப் பறிக்கும் தோட்டத்திலும், கண்மாய்க்கரை நூறு நாள் வேலையிலும் இதே பஞ்சாயத்துதான். மருமகளுக்கு வாயில்லையா, மாமியாருக்கு மனசாட்சியில்லையா, அந்தப் பட்டுச்சேலை என்ன விலை இருக்கும், சமையல்கட்டில் எவளாவது இவ்வளவு நகை போடுவாளா... விமர்சனம் என்றால் இதுதான் ஐயா விமர்சனம்.

சரி, இந்தத் திட்டெல்லாம் சென்னைக்குப் போய்ச் சேருகிறதா? திரையை லேசாக விலக்குவோமா?

முதலில் அந்த மாயப் பெட்டி! சீரியல்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது, யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர். சேனலின் ஒலிக்குள்ளேயே நம் காதுக்கு எட்டாத ஓர் அடையாளத்தைப் புதைத்து அனுப்புகிறார்கள். டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீட்டர் அதைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஆளுக்கொரு பொத்தான் உண்டு. அப்பத்தா வந்து உட்கார்ந்தால் அப்பத்தாவின் பொத்தானை அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். நாடு முழுக்க 55,000-க்கும் அதிகமான வீடுகளில் இது இருக்கிறது. எந்த வீடு என்பது மகா ரகசியம். அந்த ரகசியத்தை உடைத்து, சில வீடுகளுக்குக் காசு கொடுத்துக் குறிப்பிட்ட சேனலையே ஓடவிட்டார்கள் என்றுதான் 2020-இல் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. வாராவாரம் வியாழக்கிழமை ரேட்டிங் வெளியாகும். பரீட்சை முடிவு வரும் நாள் மாதிரிதான்: கதாசிரியர் முதல் மேக்கப் அண்ணன் வரை எல்லோர் முகமும் அன்றைக்கு ஒரு தினுசாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அப்பத்தா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது மீட்டருக்குத் தெரியும். வெற்றிலையை மென்றபடி, "கட்டையில போறவனே" என்று வைதுகொண்டிருக்கிறார் என்பது தெரியாது! ரசிக்கிறவரும் திட்டுகிறவரும் அங்கே ஒரே கணக்குத்தான். ஆக, நம் ஊர் எவ்வளவுக்கெவ்வளவு வில்லனைக் கரித்துக் கொட்டுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அவன் ஆயுள் கெட்டி.

ஆதாரம் வேண்டுமா? ஆதி குணசேகரன்! 2022 பிப்ரவரியில் சன் டிவியில் 'எதிர்நீச்சல்' ஆரம்பித்தபோது, இயக்குநர் திருச்செல்வம் சொல்ல வந்தது மருமகள்களின் கதை. படித்த பெண்களைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் அடைத்து வைக்கும் ஒரு குடும்பம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு பேர் அந்தச் சுவரை முட்டுகிறார்கள். ஆனால் கூட்டத்தை இழுத்தது யார்? "ஏய்... இந்தாம்மா!" என்று உறுமிய அந்தக் குடும்பத்துப் பெரிய மனுஷன் குணசேகரன். பெண்களை அடக்கி ஆண்ட அவர் உறுமலை அதிகம் மிமிக்ரி பண்ணியது பெண்கள்தான்! சாம்பார் ஊற்றச் சொல்லக்கூட "ஏய் இந்தாம்மா"தான். அந்த உறுமலில் தங்கள் வீட்டுப் பெரிய மாமாவையோ சித்தப்பாவையோ அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பது என் கட்சி. நேரில் பேச முடியாததை டிவியைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம், கேஸ் கிடையாது.

அந்த வேஷம் கட்டிய ஜி. மாரிமுத்து அசலில் ஒரு சினிமா இயக்குநர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை எடுத்தவர். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் மாரடைப்பு வந்து காலமானார். நாள் தவறாமல் திட்டித் தீர்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த நாற்காலியில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்து உட்கார்ந்தார். மீசையில் குறைவில்லை, முறைப்பிலும் குறைவில்லை. ஆனாலும் "என்ன இருந்தாலும் அவரு மாதிரி வருமா" என்று நம் ஆட்கள் தீர்ப்பெழுதினார்கள். 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என நினைக்கும் சீரியல் உலகம், அந்தத் தீர்ப்பைக் கவனித்திருக்கும் என்றே நம்புகிறேன்.

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் எட்டிப் பார்க்கலாம். திருமயம் தாண்டினால் காரைக்குடி! அங்கேதான் திருமுருகனின் 'நாதஸ்வரம்' சீரியல் வருஷக்கணக்கில் முகாம் போட்டிருந்தது. பொதுவாக சீரியல் முகங்களின் ரகசியம் தெரியுமா? எபிசோடு முடியும்போது அண்ணன், அண்ணி, அத்தை என்று வரிசையாக அதிர்ச்சியாகி நிற்கிறார்களே, அந்த முறைப்புகளை எதிரில் யாருமே இல்லாமல் தனித்தனியாகச் சுட்டு ஒட்டியிருப்பார்கள். "இடது பக்கம் பாருங்க, அதிர்ச்சி! வலது பக்கம் பாருங்க, இன்னும் கொஞ்சம் அதிர்ச்சி!" அவ்வளவுதான். இந்த வெட்டு ஒட்டு வித்தையையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, 2014 மார்ச் 5 அன்று ஆயிரமாவது எபிசோடை ஒரே ஷாட்டில், நேரலையாக, 23 நிமிடம் 25 நொடிக்கு ஓட்டினார்கள். கின்னஸ் சாதனை! வசனம் மறந்தால் கட் சொல்ல ஆளில்லை. மௌலி உட்பட மொத்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடித்திருக்கும். பார்த்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்ததே, அப்போது நம் ஊர் சீரியல் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சீரியலைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்? ஆனால் கரண்ட் வந்த அன்றைக்கு டிவியைப் போட்டவர்களுக்குக் கதை புரியாமல் போயிருக்காது. விட்ட இடத்திலேயே யாரோ யாரையோ முறைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

மீட்டர் கேட்காத நம் ஊர் வாயை டிவிக்காரர்கள் ஒரு தடவை நேரடியாகக் கேட்டார்கள், பாருங்கள், அதுதான் உச்சம். அதே 2018-இல், விஜய் டிவி 'சூப்பர் சிங்கர்' ஆறாவது சீசன். நம்ம களபம் கிராமத்துச் செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் வேட்டி, கண்டாங்கியோடு வந்து மக்கள் பாட்டைப் பாடினார்கள். இறுதிச் சுற்றில் மக்கள் ஓட்டு. சீரியல் நேரத்தில் ரிமோட்டை விட்டுக்கொடுக்காத பெரியவர்கள், "நம்ம ஊருப் பய, அமுக்குடா" என்று பேரன் கையில் செல்போனைத் திணித்த ஜூலை மாதம் அது. பயிற்சி பெற்ற ரக்‌ஷிதா சுரேஷ், மாளவிகா சுந்தர் போன்ற குரல்களைத் தாண்டிப் பட்டம் செந்திலுக்கு!

அப்புறம் சும்மா இருப்பார்களா? கிராமியப் பாட்டு மட்டும் பாடுகிறவருக்குப் பட்டமா, எல்லா வகைப் பாட்டும் பாடியவருக்கல்லவா தரவேண்டும் என்று தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ராஜலட்சுமி பின்னர் 'புஷ்பா' தமிழில் 'சாமி சாமி' பாடி அசத்திய பிறகும் அந்த வழக்கு முழுதாக ஓயவில்லை. நீங்கள் ரக்‌ஷிதா கட்சியா? தாராளமாக இருங்கள். களபம் டீக்கடையில் மட்டும் அதைச் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். டீக்குக் காசு வாங்க மாட்டார்கள், ஆனால் அடுத்த பஸ்ஸில் கையோடு ஏற்றி விட்டுவிடுவார்கள்!