பந்தயத் திடலைச் சுற்றி வளர்ந்த ஊர்

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் ஃபேரர் பார்க்கில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், முஸ்தஃபா கடை என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால் பெருமாள் கோயில் என்பார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் திடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், அங்கே முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

1843 பிப்ரவரியில் அந்த வெளியில் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. பந்தயம் பார்க்க வெள்ளைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மாட்டுத் தொழுவம், செங்கல் சூளை என்று வேலை தேடி வந்த தமிழர்கள் சுற்றுவட்டத்தில் குடியேறினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் 26 ரூபாய் 8 அணாவுக்கு நிலம் வாங்கி 1855இல் எழுப்பியதுதான் நரசிம்மப் பெருமாள் கோயில். இன்றைய ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். நாம் அண்ணாந்து பார்க்கும் ராஜகோபுரம் 1979இல் வந்தது. அதற்குக் கை கொடுத்தவர் சிராங்கூன் சாலை வணிகர் கோவிந்தசாமி பிள்ளை. தைப்பூசத்தன்று காவடிகள் இங்கிருந்துதான் டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படுகின்றன.

சாங்கியில் இறங்கும் பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்தது இந்தப் பந்தயத் திடலில் என்று? 1911 மார்ச் 16 அன்று ஜோசப் கிறிஸ்தியான் என்ற பெல்ஜியக்காரர் இங்கிருந்து எழும்பிப் பறந்து காட்டினார். 1919 டிசம்பர் 4 அன்று, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ராஸ் ஸ்மித்தின் விக்கர்ஸ் விமி விமானம் இதே திடலில் இறங்கியது. அந்தப் பெரிய விமானத்துக்குத் திடலின் நீளம் போதவில்லை. தரையைத் தொடும் நேரத்தில் பென்னட் என்ற மெக்கானிக், இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின் மேலேயே சறுக்கி வால் பக்கம் போய்ச் சேர்ந்தார். அவர் பாரத்தில் வால் தாழ்ந்தது, விமானம் சீக்கிரமே நின்றது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு திடலோரம் நின்றால், அதன் நீளத்தைக் கண் தானாகவே அளக்கத் தொடங்கிவிடும்.

1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. நகராட்சித் தலைவராக இருந்த ஆர். ஜே. ஃபேரரின் பெயரோடு இது பொது விளையாட்டுத் திடலானது. ஒன்பதே ஆண்டுகளில் இங்கே நடந்தது விளையாட்டல்ல. பிரிட்டிஷார் சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்களை இங்கே கூட்டி, ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஜப்பானிய மொழியில் பேசியதை ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் பெயர்த்துச் சொன்னார்கள். அடுத்துப் பேசிய கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். பின்னாளில் நேதாஜியின் அழைப்புக்கு மலாயா தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டார்களே, அந்தப் படையின் பேச்சு பெருங்கூட்டத்தின் முன் எழுந்தது இந்த மண்ணில்தான். நம் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து காட்டாமல் வேறு எதைக் காட்டுவது?

திடலைச் சுற்றிக் குடியேறிய தமிழர்களுக்கு, அந்தக் காலத்தில் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேருவதே பெரும்பாடு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து இடம் பிடித்து, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூரை எட்ட ஏறக்குறைய ஒரு வாரம். 1973க்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. அப்படி வந்தவர்கள் பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்குச் சுற்றிப் பார்ப்பது என்றால் சம்பள நாள் மாலையில் கிச்சனர் சாலையில் இருந்த ‘நியூ வேர்ல்ட்’ கேளிக்கைப் பூங்காதான். 1923இல் திறந்த அது 1987இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2009 முதல் சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது. பழைய நுழைவாயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இன்று திருச்சியிலிருந்து நாலு மணி நேரம், சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போவதற்குள் மலாக்கா நீரிணை வந்துவிடுகிறது. மகள் வீட்டுக்கு வரும் அம்மா அப்பாக்கள், சுற்றுலாக் குழுக்கள், அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் என்று எல்லாரும் ஒரே விமானத்தில். ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் 2003இல் திறந்தது. திடலை ஒட்டி 1957 முதல் இருந்த நீச்சல்குளத்தை மூடியதும் அதே ஆண்டில்தான். வருகிற வழி வளர வளர, பார்க்கிற இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. திடலில் ஒரு பகுதி இப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டது. இடப்பஞ்சமுள்ள தீவு, இளந்தம்பதிகளுக்கு வீடு வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குத்துச்சண்டைக் கூடத்தையும் நீச்சல்குளத்தின் கட்டடத்தையும் முழுதாக இடிக்காமல் புதுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கட்டடத்தைவிட வெறும் புல்வெளிதான் இங்கே நினைவுச்சின்னம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ரேஸ் கோர்ஸ் சாலையோரப் புல்லில் வெளிநாட்டு ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஊரிலிருக்கும் பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் வேறு மைதானம் ஏது? மிச்சமிருக்கும் புல்லையாவது கைவைக்காமல் விட வேண்டும்.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். சாங்கியிலிருந்து அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டௌன்டவுன் ரயில் பிடியுங்கள். லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் ஃபேரர் பார்க். பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே பெருமாளைச் சேவித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ரேஸ் கோர்ஸ் சாலையைக் கடந்து திடலுக்குப் போய்விடுங்கள். முஸ்தஃபாவுக்கு இரவில் போகலாம்.