காசநோயும் உணவும்

எலும்புருக்கி என்றும் கயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோயே இன்று காசநோய் எனப்படுகிறது. இதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிரே என்பதை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதனைக் கொல்லும் மருந்து கிடைப்பதற்கோ மேலும் அறுபது ஆண்டுகள் கழிந்தன.

அதுவரையில் மருத்துவர்கள் ஓய்வையும் தூய காற்றையும் நல்லுணவையுமே நம்பியிருந்தனர். அவற்றை அளிக்க ஊர்ப்புறங்களில் தனி மருத்துவ நிலையங்கள் எழுந்தன. கொங்கு நாட்டில் பெருந்துறையில் அத்தகையதொரு நிலையம் இருந்தது.

மல்லசமுத்திரத்தில் யான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் தெருவில் தறி நெய்த ஒருவருக்கு இந்நோய் கண்டது. அவருடைய தட்டும் குவளையும் வேறாயின, திண்ணையே இருப்பிடமாயிற்று. பெருந்துறைக்குச் செல்லுமாறு பலரும் கூறினர். தறி நின்றால் அடுப்பு எரியாது என்று அவர் செல்லவில்லை. வீட்டிலிருந்தே பிழைக்க வழியுண்டு என்பதை அவருக்கு எவரும் கூறவுமில்லை.

அவ்வழி சென்னையிலேயே, சில ஆண்டுகளுக்கு முன்னரே, கண்டறியப்பட்டிருந்தது. 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. சென்னை அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதற்குத் துணை நின்றன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் தலைவர். நகரின் ஏழை மக்களுள் நோயுற்ற 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் மருத்துவ நிலையத்தில் தங்கினர். மற்றவர் நெருக்கமான தம் சிறு வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராரும் ஓராண்டு உட்கொண்டவை ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தோர் உண்ட உணவோ குறைவு, ஓய்வும் குறைவு. எனினும் ஏறத்தாழ ஒரே அளவில் இரு சாராரும் நலம் பெற்றனர். வீட்டிலிருந்தோரால் குடும்பத்தாருக்குக் கூடுதலான தீங்கும் நேரவில்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் மருத்துவ முறையை மாற்றியது.

அங்ஙனமாயின் உணவு வேண்டாவோ? இவ்வையத்தைத் தீர்த்தது மற்றோர் ஆய்வு. சென்னை நிலையமும் பங்கேற்ற அவ்வாய்வு 2019-இல் ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. நோயாளர் 2,800 பேர். அவர்தம் வீட்டார் 10,345 பேர். நோயாளர் அனைவருக்கும் உணவுப்பொருள் அளித்தனர். வீட்டாருள் ஒரு பகுதியினருக்கு மட்டும், தலைக்குத் திங்கள்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தனர். 2023-இல் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோய் தோன்றுதல் 39 விழுக்காடு குறைந்தது. முதல் இரு திங்களில் எடை கூடிய நோயாளருள் இறந்தோரும் குறைவே.

இவ்விரு முடிவுகளும் முரணல்ல. கிருமியைக் கொல்வது மருந்து. ஆயினும் கிருமி புகுந்தோர் அனைவரும் நோயுறுவதில்லை. உடலில் வலிமையுள்ளவரை அஃது அடங்கிக் கிடக்கும். பசியால் உடல் தளருங்கால் தலையெடுக்கும். தறிகாரர் மறைந்த பின்னர் அவர் மூத்த மகனுக்கும் அந்நோய் வந்தது. தட்டை வேறாக்கிய நாங்கள், அத்தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தோமில்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் கண்டறியப்பட்டவுடன் நோயாளரின் எடையையும் பார்க்கின்றனர். மிக மெலிந்தோரை மருத்துவமனையில் சேர்த்து உணவும் மருந்தும் அளிக்கின்றனர்.