உங்களுக்குத் தெரியுமா? பறக்கும்போது ஆபத்து வந்தால்...

செமினியில் பிற்பகல் இடிமழை நமக்குப் பழகியதுதான். ஆனால் பந்திங் அருகே புக்கிட் ஜுக்ராவில் பாராகிளைடிங் செய்வோருக்கு அந்தக் கருமேகமே பெரிய எமன். 2007இல் ஆஸ்திரேலியாவில் ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை இடிமேகம் 9,900 மீட்டருக்கு மேல் இழுத்துச் சென்றது. உடலெங்கும் பனி உறைய, நினைவிழந்தும் அவர் பிழைத்தது பேரதிசயம். மேகம் திரண்டால் உடனே தரையிறங்குங்கள்.

இன்ஜின் பொருத்திய பாராகிளைடரான பாராமோட்டரில் பறக்கும்போது இன்ஜின் நின்றால் பதறாதீர்கள். இறக்கை மிதந்தே இறங்கும். இறக்கையின் ஒரு பக்கம் மடங்கினால், விரிந்திருக்கும் பக்கம் உடலைச் சாய்த்து முதலில் திசையைக் காப்பாற்றுங்கள். மடங்கிய பக்கத்துப் பிரேக்கை இழுத்துவிடுவது அதற்குப் பிறகுதான். தாழ்வான உயரத்தில் கட்டுப்பாடு போய்விட்டால் யோசிக்க நேரமில்லை: இன்ஜினை அணைத்து, அவசரப் பாராசூட்டின் கைப்பிடியைக் கண்ணால் பார்த்துப் பிடித்து இழுத்து, காலியான வெளியை நோக்கி ஓங்கி வீசுங்கள். சுழலும் புரொப்பெல்லரில் கயிறு சிக்கினால் அந்தப் பாராசூட்டும் கைகொடுக்காது.