நடைவழி காத்தல்

ஓர் ஊருக்குச் சிறப்புத் தருவன யாவை என்று கேட்டால், கோயில், குளம், சோலை, பள்ளி எனப் பலவற்றை அடுக்கிக் கூறுவோம். நாள்தோறும் நம் கால்கள் மிதித்துச் செல்லும் நடைவழியை எவரும் நினைப்பதில்லை. அவ்வழி இல்லையேல் கோயிலையும் குளத்தையும் பள்ளியையும் சென்றடைவது எங்ஙனம்?

நடைவழி ஒரே நாளில் அழிந்துவிடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மழை பெய்ததும் வழியின் இருமருங்கும் புல்லும் பூண்டும் தழைக்கின்றன. வேலிச் செடி ஒரு முழம் நீள்கிறது. நடப்பவர் சற்றே ஒதுங்கிச் செல்கின்றார். கால் படாத இடத்தில் மேலும் செடிகள் முளைக்கின்றன. நடப்பவர் மேலும் ஒதுங்குகின்றார். இங்ஙனம், இருவர் இணையாகச் சென்ற வழி ஒற்றையடிப் பாதையாகி, முடிவில் முட்புதராகி விடுகிறது.

இதனால் விளையும் தீங்குகள் பல. வழி அடைபட்டால், மக்கள் வண்டிகள் விரைந்தோடும் சாலையில் இறங்கி நடக்க நேரிடுகிறது. சாலை வளையுமிடத்தில் ஓங்கி வளர்ந்த புதர் கண்ணை மறைக்கும். பேருந்து ஓட்டுபவர் பள்ளிச் சிறுவனைக் காணார்; சிறுவனும் பேருந்தைக் காணான். இருவரும் ஒருவரையொருவர் காணும்பொழுது காலம் கடந்துவிடக் கூடும். கண்பார்வையற்றோரின் கைக்கோல் தரையைத் தடவி வழி அறியும். முகத்துக்கு நேரே நீண்ட முட்கிளையை அக்கோல் உணர்த்தாது. அன்றியும், எலியைத் தேடி வரும் கண்ணாடி விரியன் முதலிய நச்சுப் பாம்புகளுக்குப் புதர் உறைவிடமாகிறது. வெட்டவெளியில் கிடக்கும் பாம்பைக் கண்டு விலகலாம். புல்லினுள் கிடப்பதை மிதித்த பின்னரே அறிகின்றோம்.

நம் நாட்டு வழிகளை அடைக்கும் செடிகளுள் சீமைக் கருவேலம் கொடியது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இம்மரம் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. ஆடுமாடுகள் இதன் காய்களைத் தின்று, சாணத்தின் வழியே விதைகளைப் பரப்புகின்றன. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்த்தெழும். ஆகவே, இதனை வேரோடு தோண்டி எடுத்தல் வேண்டும். பார்த்தீனியம் என்னும் களை தோலில் பட்டால் அரிப்பை உண்டாக்கும். ஆதலால் கையுறை அணிந்து, அது பூத்து விதை சிந்துமுன் பிடுங்குதல் நன்று.

வழியைத் தூய்மையாக வைத்தல் யாருடைய கடமை? வீதிகளைத் துப்புரவு செய்வதும், காடுபோல் மண்டிய புதர்களையும் சப்பாத்திக் கள்ளியையும் அகற்றுவதும் ஊராட்சியின் கடமைகள் என 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. நகரங்களின் நடைபாதையில் 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் கொண்ட இடைவெளி தடையின்றி இருத்தல் வேண்டுமென இந்தியச் சாலைக் காங்கிரசு 2012-இல் வெளியிட்ட நெறிமுறை வகுத்துள்ளது. எனினும், சட்டம் ஒன்றே வழியைச் சீராக்கிவிடாது. தம் வேலி வழியில் நீளாதவாறு கழித்துவிடுதல் நிலத்துக்கு உரியவர் கடமையாகும்.

வழியைச் செப்பனிடுவோர் ஒன்றை மறத்தலாகாது. புதர் வேறு, நிழல்தரும் மரம் வேறு. புளியையும் வேம்பையும் வெட்டி வீழ்த்துதல் வெயிலில் நடப்போர்க்குத் தீங்கு செய்வதாகும். தலையில் இடிக்கும் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்தால் போதும். வெட்டிய முள்ளை வழியிலேயே விட்டுச் செல்லுதலும் கூடாது. வெறுங்காலுடன் வருபவரை அது வருத்தும்.

மாணவர்களே! புதருக்குள் நீங்கள் தனியே கைவிடுதல் வேண்டா. ஆனால், பள்ளிக்கு வரும் வழியில் எங்குப் புதர் மண்டியுள்ளது, எந்த வளைவில் சாலை மறைகிறது என்பனவற்றை உங்களைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? அவற்றை எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் எடுத்துரைக்குமாறு பெற்றோரிடம் கூறுங்கள். மழை ஓய்ந்தபின் ஊரார் ஒன்றுகூடி ஒருநாள் உழைத்தால், முதியோரும் சிறுவரும் ஆண்டு முழுவதும் அச்சமின்றி நடப்பர்.