வட்டமிட்ட விமானம்



2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி மாலை, திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானமொன்று, மேலெழுந்த சிறிது நேரத்தில் எண்ணெய் அழுத்தக் கோளாறுக்கு உள்ளாயிற்று. நூற்று நாற்பது பேருக்கு மேற்பட்ட பயணிகளுடன் அது இரண்டு மணி நேரத்துக்கும் கூடுதலாக வானில் வட்டமிட்டது. வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் நம் திருகோணமலை மாவட்டத்திலும் பலர். இத்தகைய செய்தி அவர்கள் நெஞ்சை என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, அந்த வட்டத்தின் பொருள் யாது என்பதையே இன்று விளக்க முற்படுகிறேன்.

நமது துறைமுகத்தை நாடிவரும் கப்பலின் யந்திரம் பழுதடைந்தால், மாலுமிகள் நங்கூரம் பாய்ச்சிவிட்டு ஆறுதலாகப் பழுதுபார்க்கலாம். ஆகாயத்தில் நங்கூரம் பாய்ச்ச இடமேது? அதனாலேயே விமானத்தை அமைப்போர், இன்றியமையாத பொறிகளை ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக வைத்துவிடுகின்றனர்.

பெரிய விமானத்தின் சக்கரங்களை இறக்குவதும், இறகிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைப்பதும் கைவலிமையால் எளிதில் ஆகக்கூடியவையல்ல. குழாய்களில் அடைபட்ட எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 இறாத்தல் அழுத்தத்தில் செலுத்தி அவ்வேலையைச் செய்விக்கின்றனர். இதுவே ஹைட்ரோலிக் தொகுதி. திருச்சியில் பறந்த போயிங் 737 இனத்தில் இரண்டு பிரதான தொகுதிகளும் ஒரு துணைத் தொகுதியும் உண்டு. அழுத்தம் இல்லாவிடினும், விமானி அதற்குரிய பிடிகளை இழுத்தால் பூட்டுகள் விடுபட்டுச் சக்கரங்கள் தம் பாரத்தாலேயே கீழிறங்கும்.

அப்படியானால் உடனே இறங்காதது ஏன்? சார்ஜாவுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். அதற்குரிய எரிபொருள் முழுவதும் விமானத்தில் இருந்தது. 737-800 வகை விமானம் ஏறத்தாழ 79 டன் எடையுடன் மேலெழலாம். ஆனால் இறங்கும்போது 66 டன்னளவே இருத்தல் நன்று. எரிபொருளை வானிலே கொட்டிவிடும் வசதி இவ்வினத்துக்கு இல்லை. எரித்தே தீர்க்க வேண்டும். தடுப்புக்கருவி முழு வலுவுடன் இயங்குமோ என்ற ஐயம் இருக்கையில், பாரம் மிகுந்த விமானத்தை ஓடுபாதையில் இறக்குவது விவேகமன்று. விமானத்தில் தீப்பற்றியிருந்தாலோ கதை வேறு. அப்போது பாரத்தைப் பொருட்படுத்தாது உடனே இறங்கியிருப்பர். வட்டமிட நேரம் இருந்தது என்பதே நற்செய்தி. செய்தியாளர் சிலருக்கு இது தோன்றவில்லை போலும்!

விமானியறையிலும் அந்நேரம் வீணே கழிவதில்லை. ஒருவர் விமானத்தைச் செலுத்துவார். மற்றவர் அவசரக் கைந்நூலைத் திறந்து ஒவ்வொரு படியாக வாசித்துச் சரிபார்ப்பார். மனனம் செய்ததை மட்டும் நம்பியிருப்பதில்லை. வினாத்தாள் கைக்கு வந்ததும் வாசியாமலே எழுதத் தொடங்கும் மாணவரை ஆண்டுதோறும் காணும் எனக்கு, இவ்வழக்கம் மிகவும் பிடித்தமானது. இத்தகைய கோளாறுகளைத் தரையிலுள்ள பாவனைப் பொறிகளில் விமானிகள் மீண்டும் மீண்டும் பயில்கின்றனர்.

மூன்று தொகுதிகளும் ஒருங்கே அற்றுப்போனதும் உண்டு. 1989ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி, அமெரிக்காவில் யுனைற்றெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தின் வாற்புற எஞ்சின் சிதறி, அதன் துண்டுகள் எல்லாக் குழாய்களையும் அறுத்தன. எஞ்சிய இரு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் அதைத் திருப்பி, சூ சிற்றி நகர்வரை கொண்டுவந்தனர். 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர். அதன்பின், எண்ணெய் முழுவதும் வடிந்துவிடாமல் தடுக்கும் கருவி அவ்வின விமானங்களில் பொருத்தப்பட்டது.

திருச்சியில் அந்நிலை நேரவில்லை. தீயணைப்பு வண்டிகளும் அம்புலன்ஸ்களும் காத்து நிற்க, இரவு எட்டேகால் மணியளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. பயணிகள் வேறொரு விமானத்தில் சார்ஜாவுக்கு அனுப்பப்பட்டனர்.