இரவல் நூல்

அளவெட்டிக்கும் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. அந்தச் சில மைல்களைக் கடந்து கப்பலேற எனக்கு 34 ஆண்டுகள் சென்றன.

கடலுக்கு அப்பால், திருவாரூரில், என் பால்ய நண்பர் இருக்கிறார். செம்மண் தோட்டங்களும் புகையிலைக் கன்றுகளும் சூழ்ந்த ஊரிலே ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில், தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்காக இரவெல்லாம் மணலில் விழித்திருந்தவர்கள். எங்கள் ஊர்க் கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தியின் ‘குறும்பா’ 1966 இல் வெளிவந்தபோது, காசு சேர்த்து ஒரு பிரதி வாங்கினேன். ஆங்கிலத்து ‘லிமரிக்’ என்னும் ஐந்தடிப் பாட்டைத் தமிழுக்கு உறவாக்கிய நூல் அது. முதலிற் சிரித்தோம், சிரிப்பின் அடியிற் கிடந்த சமூகக் கண்டனத்தைப் பின்னரே உணர்ந்தோம்.

அந்நூலை இரவல் வாங்கியிருந்த நண்பர், 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடும்பத்துடன் படகேறி இராமேஸ்வரம் சேர்ந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, நூலையும் தரவில்லை. எனக்கு மனத்தாங்கல். மண்டபம் முகாமிலிருந்து அவர் எழுதிய இரு கடிதங்களுக்கும் நான் மறுமொழி எழுதவில்லை. இதனைச் சொல்ல இன்று நாணுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். நானும் ஒரு சைக்கிளுடன் நடந்தேன். மறு ஆண்டு திரும்பியபோது, என் புத்தக அலுமாரி நின்ற இடத்திற் சுவர் மட்டுமே நின்றது.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பற் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 இல் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மீண்டது. அடுத்த மாதமே புறப்பட்டேன். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனைக் காணாமலே நட்பு வளர்த்தார். நாமோ கண்டு பழகியும் அதனைக் காய விட்டோமே என்று கடலைப் பார்த்தபடி எண்ணினேன்.

நண்பர் வாசலிலேயே நின்றார். “வாரும், இரும்” என்றவர், தேநீர் வருமுன்னே துணியிற் சுற்றிய பொதியொன்றை என் கையில் வைத்தார். ‘குறும்பா’! முதற் பக்கத்தில் என் கையெழுத்து.

“படகுக்குள்ளே தண்ணி ஏறினபோது இதை நெஞ்சோடை கட்டியிருந்தனான்” என்றார். அவர் கொண்டுபோகாதிருந்தால், அதுவும் அலுமாரியோடு போயிருக்கும்.

“என்ரை கடிதம் ஒண்டும் வந்து சேரேல்லைப் போலை” என்றார் பிறகு. போர்க்காலத்து அஞ்சலின்மேற் பழியைப் போட்டுவிடலாம், மனம் இடந்தரவில்லை.

“வந்தது. நான்தான் எழுதேல்லை.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு நூலை என் பக்கம் தள்ளினார். “வாசியும். எனக்குக் கண் தெரியுதில்லை.”

பாதி வாசித்தோம். இத்தனை ஆண்டுகளாகியும் அவருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. அவர் கடல் கடக்க வேண்டுமாயின் அனுமதிகள் பல வேண்டும். எனக்கோ கடவுச்சீட்டும் விசாவும் போதும். ஆகவே வரவேண்டியவன் நானே.

புறப்படும்போது அவர் நூலை என் பையில் வைத்தார். நான் அதை எடுத்து மேசையில் வைத்தேன். “மிச்சத்தை அடுத்த முறை வாசிப்பம்” என்றேன்.

இம்முறை மனமறிந்தே இரவல் கொடுத்திருக்கிறேன்.